தளபதிகளும் கம்பிவேலியும்: அவசரகால மலாயாவில் கிள்ளான் பள்ளத்தாக்கு

மலாயா அவசரகாலம் 1948 ஜூன் மாதம் தொடங்கி 1960 ஜூலை 31 அன்று முறைப்படி முடிந்தது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் முதல் மூன்றும் பிரிட்டிஷ் தரப்புக்குச் சாதகமாக இல்லை. ஆளும் ஆயுதமும் விமானமும் அதனிடம்தான் மிகுதியாக இருந்தன. ஆனாலும் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களின் தாக்குதல்கள் ஆண்டுக்கு ஆண்டு பெருகின. 1951இல் பதிவான சம்பவங்கள் 6,000ஐத் தாண்டின. இரண்டே ஆண்டில், 1953இல், அந்த எண்ணிக்கை 1,200க்கும் கீழே வந்துவிட்டது. இந்த வீழ்ச்சிக்கு யார் காரணம் என்ற கேள்விக்கு நெடுங்காலம் சொல்லப்பட்டுவந்த விடை ஒரே பெயர்: ஜெனரல் சர் ஜெரால்ட் டெம்பளர். 1952 பிப்ரவரியில் கோலாலம்பூரில் வந்திறங்கிய அவர் தோற்கவிருந்த போரை வெற்றிப் பாதைக்குத் திருப்பினார் என்பது அந்தக் கதை. கிள்ளான் பள்ளத்தாக்கில் நடந்தவற்றை வரிசையாகப் பார்த்தால் கதை அவ்வளவு எளிதாக இல்லை. உத்தி அவர் வருவதற்கு முன்பே மாறிவிட்டது. அந்த உத்தியின் முக்கியக் கருவிகளான கம்பிவேலியும் அரிசிக் கட்டுப்பாடும், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களுக்குள்ளும் வந்துவிட்டிருந்தன.

இந்தப் போரைப் படிக்கக் கிள்ளான் பள்ளத்தாக்கு ஏற்ற களம். உயர் ஆணையரின் மாளிகை, ராணுவத் தலைமையகம், பிளஃப் சாலையில் காவல்துறைத் தலைமையகம் எல்லாமே கோலாலம்பூரில் இருந்தன. நகரை விட்டு எந்தத் திசையில் போனாலும் சிறிது தூரத்திலேயே ஈயச் சுரங்கங்களும் ரப்பர் தோட்டங்களும், அவற்றை ஒட்டிக் காடும் வந்துவிடும். வடக்கே ரவாங்கும் பத்து ஆராங் நிலக்கரிச் சுரங்கமும், தெற்கே காஜாங், மேற்கே கிள்ளான், தென்மேற்கே கோலா லங்காட்டின் சதுப்புக் காடு. சண்டை நடந்த இடங்களுக்கும் அதை நடத்தியவர்களின் மேசைகளுக்கும் இடையே ஒரு மணி நேரப் பயணம்தான்.

தொழிற்சங்கம் முறிந்த கதை

1948 ஜூன் 16 அன்று பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்டத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டனர். அடுத்த இரண்டு நாளில் அவசரகாலம் மலாயா முழுவதற்கும் விரிந்தது. வரலாற்று நூல்கள் வழக்கமாக இங்கிருந்துதான் தொடங்கும். கிள்ளான் வட்டாரத் தமிழ்த் தொழிலாளர்களைப் பொறுத்தவரை கதை இன்னும் ஏழு ஆண்டு பின்னால் தொடங்குகிறது.

1941இல் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தத்தை நடத்தியது. அதன் தலைவர்களில் ஆர். எச். நாதன் முதன்மையானவர், பத்திரிகைப் பணியிலிருந்து வந்தவர். கூலி உயர்வு கோரிக்கைப் பட்டியலில் இருந்தது. கூடவே, துரையோ தோட்ட எழுத்தரான கிராணியோ எதிரில் வந்தால் தொழிலாளி சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும், பெண்களிடம் முறைகேடாக நடக்கும் மேற்பார்வையாளர்களை நீக்க வேண்டும் என்பனவும் இருந்தன. காசைவிட மானமே இவற்றில் பெரிதாகத் தெரிகிறது. மே மாதம் நாதன் கைதானார். பின்பு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டு, இந்தியப் படைப்பிரிவு வரவழைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் குறைந்தது ஐந்து தொழிலாளர்கள் இறந்தனர்.

ஜப்பானியர் காலமும் சயாம் மரண ரயில்வேயும் இந்தியத் தேசிய ராணுவமும் தோட்டத் தமிழரை மாற்றியிருந்தன. போருக்குப் பின் அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனம் வேகமாக வளர்ந்து, 1947 வாக்கில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களைத் திரட்டியது. கம்யூனிஸ்ட் கட்சியின் கை அதில் ஓங்கியிருந்தது உண்மை. கூலியும் அரிசியும் கேட்டு அதில் சேர்ந்த பல்லாயிரம் பேருக்குக் கட்சிக் கொள்கை தெரியாது என்பதும் அதே அளவு உண்மை. 1948 மே இறுதியில் தொழிற்சங்கச் சட்டம் திருத்தப்பட்டது. ஜூன் நடுவில், அவசரகாலத்துக்குச் சில நாள் முன்பாகவே, சம்மேளனம் சட்டப்பூர்வ இருப்பை இழந்தது.

அதன் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி, தஞ்சை மாவட்டத்தில் பிறந்து இந்தியத் தேசிய ராணுவத்தில் பணியாற்றியவர். 1949 மார்ச்சில் ரவாங் அருகே துப்பாக்கியுடன் பிடிபட்டதாகக் குற்றம் சாட்டப்பட்டார். அவசரகால விதிகளின்படி அனுமதியின்றி ஆயுதம் வைத்திருந்தாலே மரண தண்டனை. நேரு அரசு தலையிட்டும் பலனில்லை. மே 4 அன்று புடு சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முந்தைய நாள், அவருக்குப் பின் சம்மேளனப் பொறுப்புக்கு வந்த பி. வீரசேனன் படையினரின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். பேராக்கைச் சேர்ந்த ஆர். ஜி. பாலன் அவசரகாலத்துக்கு முன்பே கைதாகி, பத்தாண்டுக்கு மேல் காவலில் இருந்தார். இப்படியாக, டெம்பளர் வருவதற்கு வெகு முன்பே, இந்தியத் தொழிலாளரிடையே இடதுசாரித் தலைமை சட்டத்தாலும் கைதுகளாலும் அகற்றப்பட்டுவிட்டது. காட்டுக்குள் போன கம்யூனிஸ்ட் படையில் பத்தில் ஒன்பது பேர் சீனர்களாக இருந்ததற்கு இது ஒரே காரணமல்ல. ஆனால் பிற்காலத்தில் தளபதிகள் பெற்ற வெற்றியின் கணக்கில் இது அரிதாகவே வரவு வைக்கப்படுகிறது.

காட்டைச் சலிக்கும் முயற்சி

1948இல் மலாயாப் படைகளின் தளபதி மேஜர் ஜெனரல் சார்ல்ஸ் பௌச்சர். அவர் கையில் ஏறத்தாழ பத்துப் பட்டாளங்கள் இருந்தன. அவற்றில் கூர்க்காப் பட்டாளங்களே மிகுதி, அவையும் முழுப் பலத்தில் இல்லை. அவரது அணுகுமுறை இரண்டாம் உலகப் போரில் கற்றது: கெரில்லாக்கள் இருக்கும் பகுதியைப் பெரும் படையால் சுற்றி வளைத்துச் சலித்தெடுப்பது. ஆயிரம் பேர் வரிசையாக நடந்து வரும் ஓசை காட்டுக்குள் வெகுதூரம் முன்னதாகவே போய்ச் சேர்ந்துவிடும். படை போய்ச் சேரும்போது முகாமில் சாம்பல் மட்டும் இருக்கும்.

தொடக்கத்தில் கிடைத்த பெரிய வெற்றியும் படையெடுப்பால் கிடைத்ததன்று. 1948 ஜூலை 13 அன்று கெரில்லாக்கள் பத்து ஆராங் சுரங்க நகரைத் தாக்கிச் சேதப்படுத்திவிட்டுப் போயினர். மூன்று நாள் கழித்து, காஜாங் அருகே ஒரு குடிசையைத் தகவலின் பேரில் சூழ்ந்த சிறு காவல் குழு லாவ் இயூவைச் சுட்டு வீழ்த்தியது. அவர் கம்யூனிஸ்ட் கட்சியின் ராணுவத் தலைவர். ஜப்பானியரை எதிர்த்த காலத்தில் பெயர் பெற்றவர். ஒரு துப்பும் சில ஆட்களும் சாதித்ததை ஒரு பட்டாளம் மாதக்கணக்கில் சாதிக்கவில்லை. அன்று அந்தப் பாடத்தை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

தகவல் இல்லாத படை சந்தேகத்தின் பேரில் இயங்கியது. காட்டோரத்தில் ஐந்து லட்சம் சீனக் குடியேறிகள் பட்டா இல்லாத நிலத்தில் மரவள்ளியும் காய்கறியும் பயிரிட்டு வாழ்ந்தனர். பொருளாதார மந்தத்திலும் ஜப்பானியர் காலத்திலும் நகரங்களை விட்டுப் போனவர்கள். கெரில்லாக்களுக்கு அரிசியும் பணமும் செய்தியும் திரட்டிக் கொடுத்த மின் யுவென் என்ற மக்கள் அமைப்பு இவர்களிடையேதான் வேரூன்றியிருந்தது. இவர்களுடைய மொழி தெரிந்த அதிகாரிகள் மிகக் குறைவு. 1948 டிசம்பர் 12 அன்று வட சிலாங்கூரில் பத்தாங் காலி அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படையினர் ஆயுதமற்ற 24 பேரைச் சுட்டுக் கொன்றனர். தப்பியோட முயன்றவர்கள் என்று அன்றைய அறிக்கை சொன்னது. பொது விசாரணை கேட்டு உறவினர்கள் தொடுத்த வழக்கு 2015இல் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. சட்டக் காரணங்களால் விசாரணைக்கு உத்தரவு கிடைக்கவில்லை. ஆனால் அரசின் பழைய விளக்கத்தை நம்புவது கடினம் என்பது அந்த வழக்கின் போக்கில் தெளிவாயிற்று.

பிரிக்ஸ் வகுத்த திட்டம்

1950 ஏப்ரலில் லெப்டினன்ட் ஜெனரல் சர் ஹரோல்ட் பிரிக்ஸ் நடவடிக்கை இயக்குநராக வந்தார். பர்மாப் போர்முனையில் இந்தியப் படைப்பிரிவை நடத்தியவர், ஓய்விலிருந்து அழைக்கப்பட்டவர், பதவி சிவில் பதவி. சுற்றிப் பார்க்க அவருக்குச் சில வாரங்களே பிடித்தன. அவர் கண்டுகொண்டது இது: கெரில்லாவைக் காட்டில் தேடுவது வீண், அவன் சோற்றுக்குக் காட்டோரத்துக்கு வந்தாக வேண்டும், ஆகவே காட்டோரத்தைப் பிடித்தால் அவனே வெளியே வருவான். குடியேறிகளை வேறிடத்தில் அமர்த்தும் யோசனை 1949 தொடக்கத்திலேயே உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னி அமைத்த குழுவின் அறிக்கையில் இருந்தது. மாநில அரசுகள் நிலம் தரத் தயங்கியதால் அது கோப்பிலேயே கிடந்தது. பிரிக்ஸ் செய்தது அதைத் தூசு தட்டி எடுத்து, நாடு தழுவிய கால அட்டவணையாக மாற்றியது.

திட்டம் 1950 ஜூன் 1 அன்று ஜொகூரில் தொடங்கி வடக்கு நோக்கி நகர்வதாக ஏற்பாடு. அதன் நிர்வாக அமைப்பு பார்ப்பதற்குச் சாதாரணமானது, விளைவோ பெரிது. ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு போர்ச் செயற்குழு, அதன் கீழ் மாவட்டந்தோறும் ஒன்று. நிர்வாக அதிகாரி, காவல்துறைத் தலைவர், படைத்தளபதி மூவரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒரே வரைபடத்தைப் பார்த்து, அன்றன்று முடிவெடுக்க வேண்டும். அதுவரை ராணுவத்துக்குத் தெரிந்தது காவல்துறைக்குத் தெரியாது. இருவருக்கும் தெரிந்தது மாவட்ட அதிகாரிக்குத் தெரியாது.

ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் ஏறத்தாழ 480 புதுக்கிராமங்களுக்குப் பெயர்க்கப்பட்டனர். கிள்ளான் பள்ளத்தாக்கில் ஜிஞ்சாங், செர்டாங், சுங்கை வே, காஜாங்கின் சுங்கை சுவா, கிள்ளானின் பண்டமாரான் எல்லாம் அப்படிப் பிறந்தவையே. விடியற்காலையில் படை சூழ்ந்துகொள்ளும், லாரிகள் வரும், கோழி, பன்றி, தட்டுமுட்டுச் சாமான்களோடு குடும்பங்கள் ஏற்றப்படும், பழைய குடிசை பல இடங்களில் கண் முன்னேயே எரிக்கப்படும். பலர் போய் இறங்கிய புதிய இடத்தில் அடையாளமிட்ட மனையும் கம்பிவேலியும் தவிர வேறெதுவும் தயாராக இல்லை.

செலவுக்குக் கொரியப் போர் கைகொடுத்தது. 1949இல் ராத்தல் 40 காசுக்கும் குறைவாக விற்ற ரப்பர், 1951 தொடக்கத்தில் 2 வெள்ளிக்கு மேல் போனது. ஏற்றுமதி வரி குவிந்தது. வேலிக்கும் விளக்குக்கும் காவலருக்கும் அந்தப் பணமே பயன்பட்டது. ரப்பர் விலை பழைய நிலையிலேயே இருந்திருந்தால் பிரிக்ஸ் திட்டம் எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று கேட்பது நியாயமான கேள்வி.

லயத்தைச் சுற்றி வந்த வேலி

புதுக்கிராமங்களைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. அதே காலத்தில் தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் ஏறத்தாழ ஆறு லட்சம் பேர் ஓரிடத்தில் குவிக்கப்பட்டது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. எண்ணிக்கையில் அது புதுக்கிராமங்களைவிடச் சற்றுப் பெரியது. அதில் தமிழர் பங்கு கணிசமானது. காப்பாரிலும் காஜாங்கிலும் ரவாங்கிலும் ஒரு பெரிய தோட்டம் என்பது பல பிரிவுகள் சேர்ந்தது. ஒவ்வொரு பிரிவிலும் தனித்தனி லயங்கள், சில காட்டை ஒட்டியே. சிதறிக் கிடந்த இந்த லயங்களைக் கலைத்து, எல்லாரையும் தோட்டத்தின் நடுவில் சேர்த்து, முள்கம்பி அடித்து, காவல் கூண்டு வைத்தார்கள். செலவு பெரும்பாலும் தோட்ட நிர்வாகத்தினுடையது. எனவே எவ்வளவு குறைவாகச் செய்ய முடியுமோ அவ்வளவே செய்யப்பட்டது.

தொழிலாளியின் அன்றாடம் எப்படி மாறியது என்பதைக் காலை நேரத்தில் பார்க்கலாம். ரப்பர்ப் பால் குளிரில்தான் நன்றாக ஒழுகும்; வெயில் ஏறினால் ஒழுக்கு குறைந்துவிடும். அதனால் இருட்டோடு பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, தான் வெட்ட வேண்டிய மர வரிசையான நிரைக்குப் போவது பழைய வழக்கம். ஊரடங்கு வந்தபின் விடியும்வரை வாசல் திறக்காது. திறந்ததும் வரிசை. ஸ்பெஷல் கான்ஸ்டபிள் ஆண்களைச் சோதிப்பார்; பெண்களைச் சோதிக்கப் பெண்கள். அரிசி, சர்க்கரை, தகர உணவு, மருந்து எதுவும் வெளியே போகக் கூடாது. சைக்கிள் குழாய்க்குள்ளும் பால் வாளியின் பொய் அடித்தட்டிலும் அரிசி கடத்தப்பட்டதால் அவையும் தட்டிப் பார்க்கப்பட்டன. கடுமையான கட்டுப்பாடு இருந்த இடங்களில் மதியச் சோற்றையும் எடுத்துப் போக முடியாது. வெறும் வயிற்றோடு வெட்டி முடித்து, பாலைக் கொட்டிவிட்டு வந்துதான் சாப்பாடு. இன்னும் சில இடங்களில் அரிசியைப் பொதுச் சமையற்கூடத்தில் வேகவைத்தே கொடுத்தார்கள். வெந்த சோறு வெப்பநாட்டில் இரண்டு நாள் தாங்காது. காட்டுக்கு அனுப்பப் பயன்படாது. கடைக்காரர்கள் தகர டப்பாவை விற்கும்போதே துளையிட்டுக் கொடுத்ததும் இதே கணக்கில்தான்.

இன்னொரு பக்கம் காட்டின் ஆட்களும் இருந்தார்கள். வேலிக்கு வெளியே, நிரையில் தனியாக வெட்டிக்கொண்டிருக்கும்போது மரத்தின் பின்னாலிருந்து வந்து சந்தா கேட்பார்கள். அடையாள அட்டையைப் பிடுங்கிக் கிழிப்பார்கள். 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் 1948 முதல் அட்டை கட்டாயம். அட்டையில்லாமல் காவலரிடம் சிக்கினால் அது வேறு வம்பு. துரைக்கு நட்டம் உண்டாக்க இரவில் ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். நட்ட கன்று பால் தர ஆறேழு ஆண்டு ஆகும்; மரம் போனால் வெட்டுகிறவனுக்கு நிரை இல்லை, கூலி இல்லை. கட்சி தன் செல்வாக்கைத் தோட்டத் தமிழரிடையே இழந்ததற்கு அரசின் பிரசாரத்தைவிட இந்த மரம் வெட்டல் அதிகம் உதவியிருக்கலாம்.

ரயில்வே வேறொரு முனை. பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸ்களிலும் செந்தூல் பட்டறைச் சுற்றுப்புறத்திலும் வாழ்ந்த தமிழ் ரயில்வே ஊழியர்களுக்கு, பெயர்க்கப்பட்ட தண்டவாளமும் சுடப்பட்ட இன்ஜினும் வேலையின் ஒரு பகுதியாயின. கவசத் தகடு பொருத்திய டிராலிகள் பாதையைச் சோதிக்க ஓடின.

கர்னியின் மரணம், டெம்பளரின் வருகை

பிரிக்ஸின் திட்டம் சரியாக இருந்தும் அவர் கையில் கட்டளை இல்லை. ராணுவத்துக்கும் காவல்துறைக்கும் அவர் யோசனை சொல்லலாம், ஒருங்கிணைக்கலாம், உத்தரவிட முடியாது. காவல்துறை ஆணையர் நிக்கல் கிரே பாலஸ்தீனத்திலிருந்து வந்தவர்; தம் ஆட்கள் கவச வண்டிக்குள் பதுங்கக் கூடாது என்ற கொள்கையில் பிடிவாதமாக இருந்தார். உளவுத்துறைக்குப் பொறுப்பேற்ற சர் வில்லியம் ஜென்கினுக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. உடல்நலம் கெட்டு, சலித்துப்போய் 1951 இறுதியில் பிரிக்ஸ் விடைபெற்றார். அடுத்த ஆண்டே இறந்துபோனார்.

அதற்குச் சற்று முன்பு, 1951 அக்டோபர் 6 அன்று, கர்னி தம் மனைவியோடும் செயலாளரோடும் பிரேசர் மலைக்குக் காரில் புறப்பட்டார். கேப் கணவாய்க்குப் போகும் வளைவுப் பாதையில் 38 கெரில்லாக்கள் காத்திருந்தனர். அவர்கள் எதிர்பார்த்தது உயர் ஆணையரை அல்ல. ஏதாவது ராணுவ வாகனத் தொடரை. காரை விட்டு இறங்கிச் சாலையோரம் நடந்த கர்னி குண்டடிபட்டு விழுந்தார். காருக்குள் தரையில் படுத்திருந்த மனைவி பிழைத்தார். நாட்டின் தலைமை நிர்வாகியையே காக்க முடியவில்லை என்ற செய்தி மலாயாவிலும் லண்டனிலும் அதிர்ச்சியாக இறங்கியது.

புதிதாகப் பதவியேற்றிருந்த காலனி அமைச்சர் ஆலிவர் லிட்டில்டன் டிசம்பரில் நேரில் வந்து பார்த்தார். அவர் கண்ட நோய் இரட்டைத் தலைமை. சிவில் ஆட்சியையும் போர் நடத்துவதையும் ஒரே மனிதரிடம் ஒப்படைக்க வேண்டும் என்றார். தேர்வானவர் டெம்பளர். போர் முடிந்த ஜெர்மனியில் சிவில் நிர்வாகம் நடத்தியவர். ராணுவ உளவுத்துறையின் இயக்குநராகவும் இருந்தவர். வெறும் போர்க்களத் தளபதி அல்லர் என்பதே அவருடைய தகுதி. 1952 பிப்ரவரி 7 அன்று அவர் பொறுப்பேற்றபோது உயர் ஆணையர், நடவடிக்கை இயக்குநர் என்ற இரண்டு நாற்காலிகளும் ஒன்றாயின. பிரிக்ஸுக்குக் கிடைக்காத அதிகாரம் முழுதும் அவருக்குக் கிடைத்தது.

அவர் புதிய திட்டம் எதையும் தீட்டவில்லை. பிரிக்ஸ் திட்டத்தையே எடுத்துக்கொண்டு அதை ஓட வைத்தார். கிரே போய், லண்டன் நகரக் காவல்துறையிலிருந்து ஆர்தர் யங் வந்தார். அவசரத்தில் சேர்க்கப்பட்டிருந்த ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களில் ஏறத்தாழ 10,000 பேர் நீக்கப்பட்டனர். எஞ்சியவர்களுக்கு முறையான பயிற்சி. காவல்துறையின் உளவுப் பிரிவான ஸ்பெஷல் பிராஞ்ச், குற்றப் புலனாய்வுத் துறையிலிருந்து தனியாகப் பிரிந்தது. ஜாக் மார்ட்டன் உளவு இயக்குநரானார். ராணுவம் தனக்கென உளவு நடத்தாமல் ஸ்பெஷல் பிராஞ்ச் தரும் செய்தியின் மேல் இயங்க வேண்டும் என்பது உறுதியாயிற்று. காட்டுப்போர் அனுபவங்களைத் தொகுத்து, சட்டைப் பையில் செருகக்கூடிய கையேடு ஒன்று 1952இல் அச்சாகிப் படையினருக்குக் கொடுக்கப்பட்டது: சிறு குழுவாகப் போ, நாள் கணக்கில் பதுங்கியிரு, தடம் கண்டால் தொடர் என்பது அதன் சாரம்.

இந்த முறை எப்படி வேலை செய்தது என்பதற்குக் கோலா லங்காட் ஓர் உதாரணம். காஜாங் வட்டாரத்தை நடுங்க வைத்த கெரில்லாத் தலைவன் லியூ கொன் கிம். தாடியால் பெயர் பெற்றவன். அவன் கூட்டம் தஞ்சம் புகுந்திருந்தது கரிமண் சதுப்புக் காட்டில். இடுப்பளவு கறுப்பு நீரில், சில கஜ தூரத்துக்கு மேல் கண் தெரியாத இடம். சஃபோக் பட்டாளத்தின் சிறு குழுக்கள் தகவலின் பேரில் அந்தக் காட்டை வாரக்கணக்கில் துழாவின. 1952 ஜூலையில் ஓர் இளம் அதிகாரியின் குழு அவனைக் கண்டு சுட்டு வீழ்த்தியது. சிலாங்கூரில் 1949 முதல் 1953 வரை இருந்த அந்தப் பட்டாளம் கிட்டத்தட்ட 200 கெரில்லாக்களைக் கொன்றது. ஒவ்வொரு சந்திப்பிலும் ஓரிருவர். பெரும் போர் என்று சொல்ல ஒன்றுகூட இல்லை.

டெம்பளரின் குணத்தில் கடுமை இருந்தது. பேராக்–சிலாங்கூர் எல்லையில் உள்ள தஞ்சோங் மாலிம் அருகே 1952 மார்ச்சில், உடைக்கப்பட்ட குடிநீர்க் குழாயைச் சரிசெய்யப் போன குழுவில் 12 பேர் பதுங்குத் தாக்குதலில் கொல்லப்பட்டனர். டெம்பளர் நேரில் போய் ஊர்ப் பெரியவர்களைத் திட்டித் தீர்த்தார். நாளுக்கு 22 மணி நேர ஊரடங்கு. அரிசிப் பங்கீடு குறைப்பு. வீட்டுக்கு வீடு கேள்வித்தாள் கொடுத்து, பூட்டிய பெட்டிகளில் திரும்பப் பெற்று, ஊர்ப் பிரதிநிதிகள் முன்னிலையில் கோலாலம்பூர் மாளிகையில் திறந்தார். சிலர் கைதாகினர். மக்கள் மனத்தை வெல்வதே வழி என்று பேசியவர் இவர்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. கூட்டுத் தண்டனைக்கு இடம் தந்த விதிகளை 1953இல் அவரே விலக்கிக்கொண்டார். பயன் சிறிது, கசப்பு பெரிது என்று கண்டிருக்க வேண்டும்.

அரசியல் பக்கத்தில் அவர் வாய்ப்பான வேளையில் வந்தார். அவர் வந்த ஒன்பதாம் நாள், பிப்ரவரி 16, கோலாலம்பூர் நகராட்சித் தேர்தல். அம்னோவும் மலாயாச் சீனர் சங்கமும் உள்ளூர் ஏற்பாடாகக் கைகோத்து 12 இடங்களில் 9ஐ வென்றன. அந்தக் கூட்டு 1955 ஜூலையில் மலாயா இந்தியர் காங்கிரசையும் சேர்த்துக்கொண்டு 52 இடங்களில் 51ஐப் பிடித்தது. சுதந்திரம் உறுதியாகிவிட்ட நாட்டில், விடுதலைக்காகப் போராடுவதாகச் சொன்ன படைக்குப் பேசப் பொருள் இல்லாமல் போனது. இந்தக் கூட்டை டெம்பளர் உருவாக்கவில்லை. தொடக்கத்தில் பிரிட்டிஷ் அதிகாரிகளின் சாய்வு டத்தோ ஓனின் சுதந்திர மலாயாக் கட்சிப் பக்கமே இருந்தது. குறுக்கே நிற்காதது அவர் செய்த நன்மை. ஐரோப்பியரின் லேக் கிளப் சிலாங்கூர் சுல்தானையே விருந்தாளியாக ஏற்க மறுத்தபோது, அவர் நிர்வாகக் குழுவின் மீது பாய்ந்து விதியை மாற்ற வைத்தார். இதுவும் போரின் ஒரு பகுதி என்பதை அவர் புரிந்திருந்தார்.

யாருடைய வெற்றி

1953 செப்டம்பரில் மலாக்காவின் ஒரு பகுதி முதல் 'வெள்ளைப் பகுதி' ஆனது. கெரில்லா நடமாட்டம் ஒழிந்த இடத்தில் ஊரடங்கும் உணவுக் கட்டுப்பாடும் நீங்கும். தண்டனையைவிட இந்தச் சலுகை மக்களைச் சீக்கிரம் ஒத்துழைக்க வைத்தது. 1954இல் டெம்பளர் விடைபெற்றபோது போரின் முடிவு தெரிந்துவிட்டது.

ஆனால் காட்டுக்குள் நடந்ததைச் சேர்த்தே கணக்குப் பார்க்க வேண்டும். 1951 அக்டோபரில், டெம்பளரின் பெயர் பேசப்படுவதற்கும் முன்பே, கம்யூனிஸ்ட் கட்சித் தலைமை உள்ளுக்குள் ஓர் உத்தரவைப் பிறப்பித்தது. அடையாள அட்டை பறித்தல், ரப்பர் மரம் வெட்டுதல், பேருந்து எரித்தல், பொதுமக்களைத் தாக்குதல் ஆகியவற்றை நிறுத்திவிட்டு அரசியல் வேலைக்கு முதலிடம் கொடுக்க வேண்டும் என்றது அது. பிரிட்டிஷாருக்கு இது தெரியவந்தது ஓராண்டு கழித்து. 1952இல் சம்பவங்கள் சரிந்ததில் கட்சியின் சொந்த முடிவுக்கும் பங்கு உண்டு. அந்த முடிவுக்குப் பின்னால் நின்றது பிரிக்ஸின் வேலி. கட்சியின் பொதுச் செயலாளர் சின் பெங் 2003இல் வெளியிட்ட தன்வரலாற்றில், புதுக்கிராமங்களால் உணவு வழி அடைபட்டதைத் தங்கள் பெரும் பின்னடைவாகக் குறிப்பிடுகிறார். கார்ல் ஹேக் போன்ற ஆய்வாளர்கள் திருப்பத்தை டெம்பளர் வருகைக்கு முன்னால் வைப்பது இந்தச் சான்றுகளால்தான். ஜான் குளோக் எழுதிய வாழ்க்கை வரலாற்றின் வழியே டெம்பளரைப் பார்ப்பவர்கள் தலைமையின் பங்கை அழுத்திச் சொல்கின்றனர். இரண்டில் முதல் வாதமே வலுவாகத் தெரிகிறது. எனினும், தளர்ந்து கிடந்த இயந்திரம் டெம்பளர் இல்லாமல் அதே வேகத்தில் ஓடியிருக்குமா என்பது ஐயமே. பிரிக்ஸ் ஒன்றரை ஆண்டில் பிடுங்க முடியாத பிடிவாதங்களை அவர் சில வாரங்களில் பிடுங்கினார்.

மொத்தத்தில் 6,700க்கு மேற்பட்ட கெரில்லாக்களும், 1,865 காவலரும் படையினரும், 2,400க்கு மேற்பட்ட பொதுமக்களும் உயிரிழந்தனர். மலாயாவில் பணியாற்றிய சர் ராபர்ட் தாம்சன் 1961இல் சைகோனுக்கு ஆலோசகராகப் போய் இதே முறையைப் பரிந்துரைத்தார். அங்கே கிராமங்களை வேலியிட்டது தோல்வியில் முடிந்தது. மலாயாவில் கெரில்லாவுக்கு எல்லை தாண்டி ஆயுதம் வரும் பாதை இல்லை. அரிசியின் பெரும்பகுதி இறக்குமதியாகி வந்ததால் மூட்டை மூட்டையாகக் கணக்கு வைக்க முடிந்தது. மலாய்க்காரர் பெரும்பாலோர் அரசின் பக்கம் இருந்தனர். வியட்நாமில் இவற்றில் ஒன்றும் இல்லை. நெல் விளையும் கிராமத்தில் அரிசியைப் பங்கீட்டு அட்டையால் பூட்ட முடியாது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் அந்த உத்தியின் இரண்டு வேலிகளும் இரண்டு விதமாக முடிந்தன. புதுக்கிராமத்தில் குடியேற்றப்பட்டவர்களுக்கு மனையும், காலப்போக்கில் நிலக் குத்தகைப் பத்திரமும் கிடைத்தன. உள்ளூர் மன்றங்களும் பள்ளிகளும் வந்தன. ஜிஞ்சாங்கும் செர்டாங்கும் இன்று பரபரப்பான புறநகர்கள். தோட்டத்தில் குவிக்கப்பட்ட தமிழருக்கு லயம் கம்பெனியினுடையது, நிலம் கம்பெனியினுடையது. வேலை இருக்கும்வரை வீடு. 1954இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் கூலியைப் பேசியது, நிலத்தை அல்ல. பழைய சம்மேளனம் ஒடுக்கப்பட்டபின் அதைப் பேசும் வலுவுள்ள அமைப்பும் இல்லை. பெட்டாலிங் ஜெயா 1950களின் தொடக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தின் மேல்தான் எழுந்தது. அடுத்து வந்த பத்தாண்டுகளில் தோட்டங்கள் துண்டாகி விற்கப்பட்டு, வீடமைப்புத் திட்டங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது, லயத்துக் குடும்பங்களில் பல கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் ஆற்றோரப் புறம்போக்குக் குடிசைகளுக்குப் போய்ச் சேர்ந்தன.